நம் வீட்டு நீர் எங்கே போகிறது?

சென்னை சைதாப்பேட்டையில், அடையாற்றின் கரையருகே சின்னமலை இருக்கிறது. திருத்தூதர் தோமா அங்கே ஒரு குகையில் தங்கிச் செபித்தார் என்பதும், தம்மைக் காண வந்த மக்களின் தாகம் தீர்க்கப் பாறையிலிருந்து நீர் வரச் செய்தார் என்பதும் தலைமுறை தலைமுறையாக நாம் கேட்டு வளர்ந்த மரபு. அந்தச் சுனையைக் காணத் திருப்பயணிகள் இன்றும் வருகின்றனர். சிலர் நீரைத் தொட்டுக் கண்களில் ஒற்றிக்கொள்கின்றனர். புட்டியில் எடுத்துச் சென்று வீட்டில் நோயுற்றிருப்போருக்குக் கொடுப்பவர்களும் உண்டு. அங்கிருந்து இறங்கிச் சற்று நடந்தால் மறைமலையடிகள் பாலம் வருகிறது. 1726ஆம் ஆண்டில் கோஜா பெத்ருஸ் உஸ்கான் என்னும் ஆர்மீனிய வணிகர் தம் சொந்தப் பொருளைச் செலவிட்டு இவ்விடத்தில் ஒரு பாலம் கட்டினார். பரங்கிமலை ஏறும் படிகளையும் அவரே அமைத்துக் கொடுத்தார். திருத்தூதரின் இடங்களைத் தரிசிக்கச் செல்வோருக்கு அந்நாளில் ஆறு ஒரு தடையாக இருந்தது. இன்று அது தடையில்லை. பாலத்தின்மேல் போகும்போது கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம், அவ்வளவே.

ஒரே வானத்திலிருந்து விழுந்த நீர்தான் இரண்டும். ஒன்றைக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம். மற்றொன்றைக் கண்ணெடுத்தும் பார்ப்பதில்லை. சுனைக்கு ஒரு புனிதர் காரணம் என்று தயங்காமல் சொல்கிறோம். ஆறு இப்படியானதற்கு யார் காரணம் என்று கேட்டால், அரசு என்போம், ஆலைகள் என்போம், கரையோரக் குடிசைகள் என்போம். நாமும் 2021ஆம் ஆண்டு நவம்பர் வரை அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தோம்.

அந்த நவம்பரில் சென்னையில் பெய்த பெருமழையை வாசகர் பலர் மறந்திருக்க மாட்டார்கள். நம் தெருவில் முழங்கால் அளவுக்கு நீர் நின்றது. வாசற்படியைத் தாண்டி அது உள்ளே வரவில்லை. குளியலறையின் வடிதுளை வழியாகக் கறுப்பு நிறத்தில், நாற்றத்தோடு எதிர்த்து வந்தது. நமக்கு வந்த சினம் கொஞ்சமன்று. நகரத்தின் சாக்கடையை நம் வீட்டுக்குள் அனுப்பியது யார் என்று கேட்டு உரிய அலுவலகத்திற்கு இரண்டு கடிதங்கள் எழுதினோம். கடிதங்களில் சொற்கள் சற்றுக் கடுமையாகவே இருந்தன என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஜனவரியில் குழாய் வேலை செய்பவர் ஒருவரை அழைத்து வந்தோம். அவர் தெருவிலிருந்த பாதாளச் சாக்கடையின் மூடியைத் திறந்து பார்த்தார். சுவரோரக் குழாயைத் தட்டிப் பார்த்தார். பிறகு, "வீட்ல சொட்டு நீலம் இருக்கா சார்?" என்று கேட்டார். வெள்ளைத் துணிக்குப் போடும் அந்த நீலத்தை ஒரு வாளி நீரில் கலந்து குளியலறையில் ஊற்றச் சொல்லிவிட்டு அவர் தெருவுக்குப் போக, நாமும் பின்னாலேயே போனோம். பாதாளச் சாக்கடையில் நீலம் வரவில்லை. சற்றுத் தள்ளி, மழைநீர் வடிகாலின் சிமெண்டுப் பலகையை நெம்பித் தூக்கிய இடத்தில், இரண்டு நிமிடத்திற்குள் நீல நீர் ஓடிற்று. "குளிக்கிற தண்ணி, சமையல் தண்ணி, துணி துவைக்கிற தண்ணி எல்லாம் இதுலதான் சார் போகுது. கக்கூஸ் மட்டுந்தான் டிரெய்னேஜ்ல போகுது" என்றார். பாதாளச் சாக்கடை அடிக்கடி அடைத்துக்கொண்டதால் முந்தைய உரிமையாளர் காலத்தில் யாரோ ஒரு கொத்தனார் இப்படிப் பிரித்து விட்டிருக்கிறார். அந்த வடிகால் போய்ச் சேரும் இடம் அடையாறு.

வீட்டை நாம் 2004இல் வாங்கினோம். ஆக, 18 ஆண்டுகள் நம் குடும்பத்தின் சோப்பு நீரும் எண்ணெய்ப் பிசுக்கும் எச்சில் பாத்திரம் கழுவிய நீரும் ஆற்றுக்குப் போயிருக்கின்றன. மழைநாளில் குளியலறைக்குள் எதிர்த்து வந்தது நகரத்தின் சாக்கடை என்று நினைத்தோம். வடிகால் நிரம்பி வழிய இடமின்றி, நாமும் நம் அண்டை வீட்டாரும் அனுப்பியதே நம்மிடம் திரும்பி வந்திருக்கிறது.

குழாயை மாற்றி இணைக்க அனுமதி வேண்டும், சாலையை வெட்ட வேண்டும், பணம் வேண்டும். மூன்று மாதங்கள் ஆயின. அந்த மூன்று மாதங்களும் நாம் குளித்தோம், துணி துவைத்தோம். நீர் பழைய வழியிலேயே போயிற்று. முன்னைய 18 ஆண்டுகளில் இல்லாத ஓர் உறுத்தல் இந்த மூன்று மாதங்களில் இருந்தது. செயல் ஒன்றே, குழாயும் ஒன்றே. அறிந்துவிட்டோம் என்பது மட்டுமே வேறுபாடு. அப்போதுதான் ஒரு சோதனை மனத்தில் எழுந்தது: அந்த மனிதர் நீலத்தைக் கேட்காமலே இருந்திருந்தால் நாம் குற்றமற்றவர்களாகவே இருந்திருப்போமே!

இது நம் ஒருவர் வீட்டுக் குளியலறையைப் பற்றிய கேள்வியன்று. அறியாமை ஒருவரைக் குற்றத்திலிருந்து விடுவிக்குமா என்பது திருச்சபையின் அறநெறியில் மிகப் பழைய கேள்வி. அறியாமல் செய்தது பாவமாகாது என்று நாம் மறைக்கல்வி வகுப்பில் படித்தோம், அது உண்மையுங்கூட. ஆனால் நம்மில் பலர் அந்தப் பாடத்தின் முதல் வரியோடு வீட்டுக்கு வந்துவிட்டோம். புனித தோமா அக்குவினாஸ் அறியாமையை ஒரே வகையாகக் கொள்வதில்லை. முயன்றாலும் அறிய முடியாதது ஒன்று. அறிய வேண்டியதை அசட்டையால் அறியாமல் விட்டது இன்னொன்று. இது குற்றத்தைக் குறைக்கலாம், முற்றிலும் நீக்காது. தடையின்றித் தன் விருப்பப்படி நடப்பதற்காகவே அறிய மறுப்பது மூன்றாவது; இது குற்றத்தைக் குறைப்பதற்கு மாறாகக் கூட்டுகிறது என்கிறார் அவர். இரண்டாம் வத்திக்கான் சங்கமும் மனச்சான்றைப் பற்றிப் பேசுமிடத்தில், வெல்ல முடியாத அறியாமையால் தவறும் மனச்சான்று தன் மாண்பை இழப்பதில்லை என்று சொல்லிவிட்டு, உண்மையைத் தேட அக்கறை கொள்ளாதவனைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது என்று உடனே எச்சரிக்கிறது.

லேவியர் நூலின் நான்காம், ஐந்தாம் அதிகாரங்களை நாம் பெரும்பாலும் வாசிப்பதில்லை; பலிகளின் விவரம் நமக்கு அலுப்பூட்டுகிறது. ஆனால் அறியாமல் பிழை செய்தவனுக்கு அங்கே ஒரு தனி முறைமை சொல்லப்படுகிறது. பிழை அவனுக்குத் தெரியவரும் நாளில் அவன் பலி கொண்டுவர வேண்டும். தெரியாமல் செய்தேன் என்று சொல்லி வீட்டில் இருந்துவிட முடியாது. தெரியவந்த கணமே கடமை தொடங்கும் கணம் என்று அந்தப் பழைய சட்டம் கருதியது. நம் மூன்று மாத உறுத்தலுக்கு அங்கே விளக்கம் கிடைத்தது. ஆனால் சட்டம் சொல்லாத ஒன்று உண்டு: தெரியவருவதற்கு நாமே வழி செய்ய வேண்டுமா, தானாக வந்து சேரும்வரை காத்திருக்கலாமா?

மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரத்தில் மானிட மகனின் இடப்பக்கத்தில் நிற்பவர்கள் தங்கள் செயலை நியாயப்படுத்தவில்லை. எப்போது உம்மைக் கண்டோம் என்றுதான் கேட்கின்றனர். அதாவது, பார்க்கவில்லை என்பதே அவர்கள் வழக்கு. அவ்வழக்கு அங்கே ஏற்கப்படவில்லை. வலப்பக்கத்தாரும் அதே கேள்வியைத்தான் கேட்டனர் என்று வாசகர் நினைவூட்டலாம். உண்மைதான். தாம் உதவியது யாருக்கு என்று அவர்களுக்குத் தெரியாது. ஆனால் எதிரே பசியோடு நின்ற மனிதனை அவர்கள் பார்த்திருந்தார்கள். நல்ல சமாரியனுக்கும் அடிபட்டவன் வழியிலேயே கிடந்தான். நமக்கோ வழியில் யாரும் கிடப்பதில்லை. குழாய் என்பது மனிதன் கண்டுபிடித்த விந்தையான பொருள். அது அழுக்கை மட்டும் அகற்றுவதில்லை. அந்த அழுக்கைப் பெறுபவரையும் நம் பார்வையிலிருந்து அகற்றிவிடுகிறது. அடையாறு கடலில் சேருமிடத்தில் ஒரு பக்கம் சீனிவாசபுரம், மறுபக்கம் ஊரூர் குப்பம். வலைவீசிப் பிழைக்கும் அம்மக்களை நம் குளியலறையிலிருந்து பார்க்க முடியாது. முதல் பெருமழைக்குப் பின் முகத்துவாரத்தில் மீன்கள் செத்து மிதந்த செய்தியைச் செய்தித்தாளில் பார்த்து, காலைக் காப்பியோடு பக்கத்தைப் புரட்டியிருக்கிறோம்.

மீன் ஏன் சாகிறது என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். நீரில் கரைந்திருக்கும் உயிர்வளியைத்தான் மீன் மூச்சாக வாங்குகிறது. நம் ஊர் வெப்பத்தில் தூய நீர் லிட்டர் ஒன்றுக்கு 7 அல்லது 8 மில்லிகிராம் உயிர்வளியைத் தாங்கும். சாக்கடை கலந்தால் அதைத் தின்னும் நுண்ணுயிர்கள் பெருகி, அவையே அந்த உயிர்வளியைச் செலவிட்டுவிடுகின்றன. ஆற்று நீரை ஒரு புட்டியில் அடைத்து, இருட்டில் சில நாள் வைத்து, எவ்வளவு உயிர்வளி செலவாயிற்று என்று கணக்கிடுவது உலகெங்கும் வழங்கும் ஒரு சோதனை. குளிப்பதற்கு ஏற்ற ஆற்றில் அந்த அளவு லிட்டருக்கு 3 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது நம் நாட்டு வரையறை. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கையில், கூவம் ஆற்றில் ஆவடி முதல் சத்யா நகர் வரையிலான பகுதிக்குக் கொடுக்கப்பட்டிருந்த அளவு 345. வரம்பைப் போல் 115 மடங்கு. அந்த அறிக்கையில் இடம்பெற்ற ஆற்றுப் பகுதிகளிலேயே அதுதான் மிக உயர்ந்த எண்.

இந்த எண்கூட முழுக்கதையைச் சொல்வதில்லை. மழை வந்தால் ஆறு கழுவப்பட்டுவிடும் என்று நாம் நம்புகிறோம். வள்ளுவர் கடவுள் வாழ்த்துக்கு அடுத்து வான்சிறப்பை வைத்த நாட்டில் மழையைக் குறைசொல்ல யாருக்கும் மனம் வராது. ஆனால் மழை வானத்திலிருந்து வரும்போதுதான் தூயது. மாதக்கணக்கில் சாலையில் படிந்த எண்ணெயும் புழுதியும் சாணமும், வடிகாலின் அடியில் உறைந்த சேறும் முதல் ஒரு மணி நேர மழையில் மொத்தமாகக் கிளம்பி ஆற்றில் இறங்குகின்றன. மேலும் நீர் பெருகியபின் புட்டியில் மொண்டால் அழுக்கு குறைந்தது போலத் தோன்றும். ஒரு பிடி உப்பை ஒரு குவளையில் போடுவதற்கும் ஓர் அண்டாவில் போடுவதற்கும் உள்ள வேறுபாடுதான் அது; உப்பு குறையவில்லை. ஆற்றுக்குள் போகும் மொத்த அழுக்கு எவ்வளவு என்று அறிய, அழுக்கின் செறிவோடு நீரோட்டத்தின் அளவையும் சேர்த்துப் பெருக்க வேண்டும். அதையும் மழை பெய்துகொண்டிருக்கும்போதே செய்ய வேண்டும். சோதனைக்காக நீர் எடுப்பதோ பெரும்பாலும் மாதத்திற்கு ஒருமுறை, வெயிலடிக்கும் ஒரு பகல் வேளையில். இரவில் காய்ச்சல் வரும் நோயாளியைப் பகலில் மட்டும் பார்க்கும் மருத்துவரைப் போன்றது இது.

பார்ப்பவர் இல்லாத அந்த நேரத்தை அறிந்தவர்களும் இருக்கிறார்கள். மழை என்பது பெரிய திரை. அதன் மறைவில் என்னென்னவோ வெளியேறும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மணலித் தொழிற்பகுதியிலிருந்து எண்ணெய் வெள்ளத்தோடு கலந்து பக்கிங்காம் கால்வாய் வழியே எண்ணூர்க் கழிமுகத்தை அடைந்தது. அங்கு வாழும் மீனவரின் படகும் வலையும் உடலும் எண்ணெயில் தோய்ந்தன. முதல் நாள்களில் அவர்களே வாளியும் குவளையுமாக அதை அள்ளிக்கொண்டிருந்தனர். எசேக்கியேல் நூலின் 34ஆம் அதிகாரத்தில், தெளிந்த நீரைத் தாம் குடித்துவிட்டு எஞ்சியதைக் காலால் கலக்கிப் பிற ஆடுகளுக்கு விட்டுவைக்கும் கொழுத்த ஆடுகளை ஆண்டவர் கடிந்துகொள்கிறார். கலக்கிய ஆடு தீய எண்ணத்தோடு கலக்கியதாக அங்கே சொல்லப்படவில்லை. குடித்து முடித்தது, நடந்தது, அவ்வளவுதான். தன் காலடியில் என்ன நடந்தது என்று திரும்பிப் பார்க்கவில்லை.

அளவிடாமல் விடுவதில் இன்னோர் அநீதியும் இருக்கிறது. நம்மை மிகவும் வருத்துவது இதுவே. எண் இல்லாத இடத்தில் கண்ணுக்குத் தெரிபவன்மேல் பழி விழும். 2015ஆம் ஆண்டு வெள்ளத்திற்குப் பின் அடையாறு, கூவம் கரைகளிலிருந்த ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பெரும்பாக்கம் போன்ற தொலைவிடங்களுக்கு அனுப்பப்பட்டன. வெள்ள அபாயம் என்பது ஒரு காரணம், அதை மறுக்கவில்லை. ஆனால் ஆற்றை அசுத்தப்படுத்துபவர்கள் அவர்கள்தாம் என்ற பேச்சும் கூடவே இருந்தது. நாமும் அதைக் கோவில் வாசலில் நின்று பேசியிருக்கிறோம். கரையில் கழிப்பிடம் இல்லாத மக்களின் கழிவு ஆற்றில் சேர்ந்தது உண்மையே. எனினும் கணக்கு எளிது. தெருக்குழாயில் நான்கு குடம் நீருக்கு வரிசையில் நிற்கும் குடும்பம் ஆற்றுக்கு எவ்வளவு கழிவுநீரை அனுப்ப முடியும்? மாடியில் தொட்டியும் மூன்று குளியலறையும் துணி துவைக்கும் இயந்திரமும் உள்ள வீடு எவ்வளவு அனுப்பும்? அவர்கள் அழுக்கு கண்ணெதிரே விழுந்தது. நம்முடையது சிமெண்டுப் பலகைக்கடியில் கண்ணியமாகப் போயிற்று. அவர்கள் போய்விட்டார்கள், பிள்ளைகளின் பள்ளியையும் பெண்களின் வீட்டு வேலையையும் விட்டுவிட்டு. ஆறு இன்னும் கறுப்பாகவே ஓடுகிறது.

அளவிடத் தொடங்கினால் என்ன நேரும் என்பதற்கு இங்கிலாந்தில் ஒரு சான்று உண்டு. அங்கே பழைய நகரங்களில் மழைநீரும் சாக்கடையும் ஒரே குழாயில் போகின்றன. பெருமழையில் குழாய் கொள்ளாதபோது, வீடுகளுக்குள் எதிர்த்து வராமலிருக்க, ஆற்றிலும் கடலிலும் திறந்துவிடும் வாய்கள் சுமார் 14,000 இருக்கின்றன. அவசரத்திற்கு மட்டுமே திறக்க வேண்டியவை அவை. எத்தனை முறை, எவ்வளவு நேரம் திறக்கின்றன என்பது நெடுங்காலம் யாருக்கும் தெரியாது. 2010ஆம் ஆண்டில் நூற்றுக்கு ஏழு வாய்களில்தான் அதைப் பதியும் கருவி இருந்தது. 2023ஆம் ஆண்டின் முடிவில் எல்லாவற்றிலும் பொருத்தப்பட்டுவிட்டது. 2022இல் 3,01,091 முறை என்று பதிவான திறப்புகள், 2023இல் 4,64,056 ஆயின. மொத்த நேரம் ஏறத்தாழ 36 லட்சம் மணி. அந்த ஆண்டு மழையும் அதிகம், கருவிகளும் அதிகம். ஆயினும் மக்கள் கொதித்தெழுந்தார்கள். ஆறு திடீரென ஓராண்டில் கெட்டுவிட்டதா என்று கேட்டால், இல்லை, கண் திறந்தது. ஆக்ஸ்போர்டு வட்டாரத்தில் வின்ட்ரஷ் என்னும் சிற்றாற்றின் கரையில் வாழும் ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவரும் ஓய்வுபெற்ற காவல்துறை அதிகாரி ஒருவரும் பொழுதுபோக்காக அல்ல, பிடிவாதமாகவே இத்தகைய பதிவேடுகளைக் கேட்டு வாங்கிப் படித்து, திறக்கக்கூடாத வேளைகளில் வாய்கள் திறந்திருந்ததை வெளிக்கொணர்ந்தார்கள். பொதுநிலையினர் செய்யக்கூடிய பணி எதுவென்று பங்குப் பேரவைகளில் நாம் அடிக்கடி விவாதிப்பதுண்டு. அந்த இருவரின் நினைவு வரும்.

அந்தக் கருவிகளுக்கும் ஒரு குறை இருக்கிறது. வாய் எவ்வளவு நேரம் திறந்திருந்தது என்று அவை சொல்லும். எவ்வளவு கழிவு போயிற்று, அதில் என்ன இருந்தது என்று சொல்லா. எதை அளப்பது என்று தேர்ந்தெடுக்கும்போதே எதைப் பார்க்காமல் விடுவது என்பதையும் தேர்ந்தெடுத்துவிடுகிறோம்.

எண்ணுவதும் குறித்துவைப்பதும் ஆன்மிகத்திற்கு அந்நியமானவை, அலுவலகத்து வேலைகள் என்று நினைப்போர் புனித இஞ்ஞாசியாரின் ஆன்மிகப் பயிற்சிகளைப் புரட்டிப் பார்க்கலாம். ஒரு குறிப்பிட்ட குறையைத் திருத்த விரும்புகிறவன், நாளுக்கு இரு கோடுகள் வரைந்து, அக்குறையில் விழுந்த ஒவ்வொரு தடவைக்கும் ஒரு புள்ளி வைக்க வேண்டும் என்கிறார். இரண்டாம் கோட்டை முதல் கோட்டோடும், இந்நாளை நேற்றோடும், இவ்வாரத்தைச் சென்ற வாரத்தோடும் ஒப்பிடச் சொல்கிறார். 16ஆம் நூற்றாண்டில் ஒரு புனிதர் வரைந்த கண்காணிப்பு அட்டவணை அது! மனம் தன்னைப் பற்றித் தானே சொல்லும் கதையை அவர் நம்பவில்லை, புள்ளிகளை நம்பினார். நம் மனச்சான்று ஆய்வு பெரும்பாலும் சொல், சினம், செபத்தில் கவனச் சிதறல் என்ற வட்டத்துக்குள் முடிந்துவிடுகிறது. நம் வீட்டிலிருந்து வெளியே போகும் பொருள்களை அந்த ஆய்வு தொட்டதே இல்லை. திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' சுற்றுமடல், பாதுகாப்பான குடிநீர் மனிதரின் அடிப்படை உரிமை என்று கூறியது. பங்குகளில் அதைப் பற்றிக் கருத்தரங்குகள் நடந்தன, மரக்கன்றுகள் நட்டோம். நல்லதுதான். மரக்கன்று நடும்போது புகைப்படம் எடுக்கலாம். வடிகாலுக்குள் எட்டிப் பார்ப்பதைப் புகைப்படம் எடுக்க யாரும் வருவதில்லை.

இதற்கு எதிராக வலுவான மறுப்பு ஒன்று உண்டு, அதை மழுப்பக்கூடாது. அளந்தால் மட்டும் ஆறு தூய்மையாகிவிடுமா? கூவத்தை அளக்காமலா 345 என்ற எண் வந்தது? எண் வந்தபின் ஆறு மாறிற்றா? அறிக்கை எழுதுவதே ஒரு செயலென்று எண்ணி ஆறுதலடையும் ஆபத்து மிகப் பெரிது. புதினாவுக்கும் சோம்புக்கும் சீரகத்துக்கும் பத்தில் ஒரு பங்கைத் துல்லியமாகக் கணக்கிட்டு, நீதியையும் இரக்கத்தையும் விட்டுவிட்டவர்களை ஆண்டவர் எப்படிக் கண்டித்தார் என்பது நமக்குத் தெரியும். கணக்கு அவர்களிடம் இருந்தது. அது கண் மறைப்பாகவும் இருந்தது. இன்னொரு மறுப்பு, ஒரு வீட்டு நீர் எம்மாத்திரம் என்பது. இலட்சக்கணக்கான வீடுகளுள் நம் வீட்டை மாற்றினால் ஆற்றில் எந்தக் கருவியும் அதைக் காட்டாது. உண்மை. நாமும் குழாய் மாற்றும் செலவுக் கணக்கைப் பார்த்தபோது இந்த வாதத்தைத்தான் முதலில் எடுத்தோம். ஆனால் இந்த வாதத்தை ஒவ்வொரு வீட்டாரும் தத்தம் வாசலில் நின்று சொல்லலாம். அத்தனை பேரும் சரியாகவே சொல்லியிருப்பார்கள். ஆறும் இப்படியே இருக்கும். ஒரு குற்றத்தைப் பல இலட்சம் பேர் பங்கிட்டுக்கொள்வதால் ஒருவரிடமும் ஒன்றும் மிஞ்சாமல் போவதில்லை. இதற்குமேல் தத்துவ நூல்கள் என்ன சொல்கின்றன என்பதில் நமக்கு அவ்வளவு ஆர்வம் இல்லை. முதல் மறுப்புதான் இன்னும் நம்மை விடவில்லை. அறிதல் போதாது, ஆனால் அறியாமல் எங்கே தொடங்குவது? மணலியில் என்ன திறக்கப்பட்டது என்று கேட்கும் உரிமை, நம் வீட்டில் என்ன திறந்திருக்கிறது என்று பாராதவர்க்கு எவ்வளவு இருக்கும்?

இதில் கருவிகூடத் தேவையில்லாத ஓர் அளவை உண்டு. சித்திரை மாதத்தில், மழை பெய்து இரண்டு மூன்று மாதங்கள் ஆகியிருக்கும் ஒரு நண்பகலில், தெருவிலுள்ள மழைநீர் வடிகாலின் பக்கத்தில் நின்று காதுகொடுத்தால் போதும். நம் தெருவில் அது சலசலவென்று ஓடுகிறது. பெயர் மழைநீர் வடிகால்.

நம் வீட்டுக் குழாயை 2022ஆம் ஆண்டு ஏப்ரலில் மாற்றி இணைத்தோம். பாதாளச் சாக்கடை அடைத்துக்கொண்டால் என்ன செய்வது என்ற அச்சம் இருக்கிறது. மனிதர் அதற்குள் இறங்குவதைச் சட்டம் 2013இலேயே தடைசெய்துவிட்டது. இறங்கி மாண்டவர்களின் செய்தி மட்டும் இன்னும் நிற்கவில்லை. ஆகவே, குழம்பு எண்ணெயையும் சோற்றுப் பருக்கையையும் தொட்டியில் ஊற்றாமல் வழித்தெடுக்க வீட்டிலுள்ளோர் பழகிவருகிறோம். சில நாள் மறந்தும் போகிறோம்.

வேலை முடிந்த அன்று அதே குழாய்க்காரர் மீண்டும் நீலத்தைக் கலந்து ஊற்றச் சொன்னார். பாதாளச் சாக்கடையில் நீலம் வந்தது, வடிகாலில் வரவில்லை. ஆனால் வடிகாலில் நீர் ஓடிக்கொண்டுதான் இருந்தது, வெண்ணிறச் சோப்பு நுரையோடு. பலகையைத் தூக்கி வைத்துக்கொண்டு நாங்கள் குனிந்து நிற்பதைக் கண்டு எதிர்வீட்டு அண்ணாச்சி வெளியே வந்தார். ஞாயிறு தோறும் நமக்கு முன்வரிசையில் அமர்ந்து திருப்பலி காண்பவர்.

"என்ன சார், ஏதாவது விழுந்துட்டுதா?" என்றார்.

புட்டியில் நீலம் பாதிக்குமேல் மீதமிருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு, எப்படித் தொடங்குவதென்று தெரியாமல் சற்று நேரம் நின்றோம். பிறகு, வாருங்கள் அண்ணாச்சி, உங்கள் குளியலறையில் ஒரு வாளி நீர் ஊற்றிப் பார்க்கலாமா என்று கேட்டோம்.